கீரனூருக்குப் போன கேரவன்

திண்டுக்கல்லில் ஸ்தனிஸ்லாஸைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் மூக்கையும் தெரியும். பெரிய மூக்கு ஒன்றுமில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் அது சுருங்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டுமென்றால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போனால் வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைக்க மாட்டார். எத்தனை பேர் விரல் விட்ட தண்ணியோ என்பார். ஆண்டவரே வந்து நீட்டினாலும் இந்த மனுஷன் கையைத் துடைத்துவிட்டு வரச் சொல்வார் என்று அவர் மனைவி அன்னாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் மேலேயும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. இளவயதிலிருந்தே வாட்டர் ஹீட்டர் மெக்கானிக். திண்டுக்கல் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். குடத்தில் வைத்தால் விளிம்பில் வெள்ளை கட்டும். அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் காய்ச்சிக் காய்ச்சி ஆறவிட்ட டாங்கின் அடியில் என்ன கிடக்கும் என்பதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். முதன்முதலாக ஒரு லாட்ஜ் ஹீட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது புளித்த தயிர் மாதிரி ஒரு சகதியும், அதோடு வெந்து வெளுத்துப்போன பல்லி ஒன்றும் வந்து விழுந்தன. மேல்தொட்டியில் விழுந்து குழாய் வழியாக வந்திருக்க வேண்டும். அந்த அறையில் அன்றைக்குக் காலைதான் ஒரு புதுமண ஜோடி குளித்துவிட்டுக் கிளம்பியிருந்தது. அன்றோடு ஸ்தனிஸ்லாஸ் வெந்நீரில் குளிப்பதை விட்டுவிட்டார். மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான்.

லாட்ஜ் வேலை சலித்தபோதுதான் ஈஸ்வரனின் கேரவன் வந்தது. ஈஸ்வரன் ஒட்டன்சத்திரத்துக்காரர், காய்கறி மண்டி வைத்திருப்பவர். பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு கட்டில், குட்டிச் சமையல் மேடை, ஃபிரிட்ஜ், கக்கூஸோடு சேர்ந்த குளியலறை எல்லாம் வைத்துக் கேரவனாக்கி, பழனி ரோட்டில் ஒரு ஷெட்டில் நிறுத்தி வாடகைக்கு விட்டார். சினிமா ஷூட்டிங்குக்குப் போகும், கொடைக்கானலுக்குப் போகும், கல்யாண மண்டபத்து வாசலில் மணப்பெண் உடை மாற்றவும் போகும். வண்டியைக் கழுவுவது, தண்ணீர் பிடித்து ஊற்றுவது, ஹீட்டரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஸ்தனிஸ்லாஸ் பொறுப்பு.

கேரவன் ஹீட்டர் சுவரில் தொங்காது. பின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கும். வண்டி போய் நின்ற இடத்தில் நீளமான ஒயரை இழுத்துக் கரண்டில் செருகினால்தான் சுடும். அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பம்பைப் போட்டு, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைத்து, புஸ்புஸ்ஸென்று காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக விழுந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். காலி டாங்கில் சுவிட்சைப் போட்டால் உள்ளே சுடவைக்கிற காயில் கம்பி கருகிவிடும். டாங்குக்குள் மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். உப்புத் தண்ணீர் டாங்கைத் தின்னாமல் அந்த ராடைத் தின்னும். அது கரைந்து குச்சியானதும் மாற்றிவிட வேண்டும். சூட்டில் அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு சொட்டுச் சொட்டாக விடும். சொட்டத்தான் வேண்டும். சொட்டாவிட்டால் டாங்கு வெடிக்கும்.

இதை ஒவ்வொரு பார்ட்டிக்கும் பொறுமையாகச் சொல்லி அனுப்புவார். ஒருவர் காதிலும் ஏறாது. ஷூட்டிங்குக்குக் கொண்டுபோனவர்கள் வால்வு சொட்டி மெத்தை நனைகிறதென்று வாயிலிருந்த பபிள்கம்மை எடுத்து அடைத்து வைத்திருந்தார்கள். பல் பதிந்த பபிள்கம். அதை அவர்தான் ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்தார். கொடைக்கானல் போன ஒரு குடும்பம் குளிக்கிற இடத்தில் கோழி கழுவியிருந்தது. ஈரல் ஒன்று தண்ணீர் போகும் துளையில் சிக்கி ஒரு வாரம் ஊறிக் கிடந்தது. மாப்பிள்ளைத் தோழர்கள் வாஷ்பேசினில் சாக்ஸை ஊறப்போட்டு மறந்துவிட்டுப் போனார்கள். பார்க்கப் படித்த ஆட்களாக, சென்ட் வாசத்தோடு வருவார்கள். இறங்கிப் போன பிறகு உள்ளே நுழைந்தால் மாட்டுத் தொழுவமே மேல். மாட்டுக்குத் தன் இடத்தில் தானே படுக்க வேண்டும் என்கிற நினைப்பாவது உண்டு என்று ஸ்தனிஸ்லாஸ் திட்டிக்கொண்டே தேய்ப்பார். மனித இனத்தின் மேலேயே அவருக்கு ஒரு குமட்டல் உண்டாகிவிட்டது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

இந்த வருஷம் சித்திரையில் கீரனூரிலிருந்து ஒரு பார்ட்டி வந்தது. தேங்காய் மண்டிக்காரர் குடும்பம். மகள் பவித்ராவுக்குத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்தபடியே ஏசியில் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் பாத்ரூமை இடித்துக் கட்டிக்கொண்டிருப்பதால் வேலை முடிகிற வரைக்கும் வண்டி அங்கேயே நிற்கட்டும், தாய்க்கும் பிள்ளைக்கும் சுடுதண்ணீர் அதிலேயே பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஈஸ்வரன் ஒத்துக்கொண்டு, நாளைக்கு வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸிடம் சொன்னார்.

அவர் போய்ச் சுடுதண்ணிக் குழாயைத் திறந்தார். அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது.

போன பார்ட்டி எங்கேயோ தோட்டத்துப் போரில் தண்ணீர் நிரப்பி, அதை வெயிலில் டாங்கிலேயே தேங்கவிட்டிருந்தது. கரண்டைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, அடியில் இருக்கும் திருகைக் கழற்றினார். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டு ஒரு குத்துக் குத்தியதும் சளி மாதிரி பழுப்பாக ஒன்று நூல் நூலாகத் தொங்கி, அதன் பின்னால் கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு கொட்டியது. வாளி நிறைந்தும் நிற்கவில்லை. ராடை உருவினால் பாதி இல்லை. மிச்சமிருந்ததும் கூழாக இருந்தது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இந்தத் தண்ணியிலயா பச்சைப் புள்ளயக் குளிப்பாட்டுவானுங்க என்று யாரென்றே தெரியாதவர்களைத் திட்டினார்.

சரியான வழி வினிகரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுவது. அதற்கு நேரமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த நாற்றத்தோடு இன்னொரு ராத்திரி குடித்தனம் நடத்த அவருக்கு மனமில்லை என்பதுதான் நிஜம். அடித் திருகைப் பூட்டிவிட்டு, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து உள்ளே ஊற்றி, ராடு இருந்த துளையை அடைத்தார். உள்ளே சுர்ரென்று பொங்கும் சத்தம் கேட்டபோது அவருக்கு ஒரு கொடூரமான திருப்தி. புது ராடும் வாஷரும் வாங்க டவுனுக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்னால் வழக்கம்போல ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். வேலை நடக்கிறது, வண்டியைத் தொடாதே என்று அர்த்தம். பழைய டிரைவருக்கு அது தெரியும். இப்போது இருப்பவன் கருப்புசாமி, சாணார்பட்டிப் பக்கத்துப் பையன், சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவனிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸுக்குத் தோன்றவில்லை. வண்டி டாஷ்போர்டில் பாக்கு எச்சில் தெறித்திருந்ததைப் பார்த்ததிலிருந்து அவர் அவனோடு பேசுவதே குறைவு.

மணிக்கூண்டுப் பக்கம் கடையில் ராடு வாங்கித் திரும்பியபோது ஷெட் காலியாக இருந்தது.

பக்கத்து டயர் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். கீரனூர் வீட்டில் யாரோ தினசரிக் காலண்டரைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அஷ்டமி. பச்சைப் பிள்ளையை அஷ்டமியில் வீடு சேர்ப்பார்களா? டாக்டரிடம் சண்டை போட்டு அன்றைக்கே டிஸ்சார்ஜ் வாங்கிவிட்டார்கள். ஈஸ்வரன் போன் செய்ய, கருப்புசாமி வண்டியை எடுத்துவிட்டான். ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டியிருந்ததே என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்.

"ஆமாண்ணே, பாத்தேன்," என்றார் டயர் கடைக்காரர். "வேதக்காரரா இருந்தாலும் அண்ணன் நம்ம சாமிக்கு வேண்டித் துணி கட்டியிருக்காருன்னு அந்தப் பய அம்புட்டு சந்தோசப்பட்டான். அதுல குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் போனான்."

கருப்புசாமிக்குப் போன் போட்டார். மணி அவர் காலடியிலேயே அடித்தது. சார்ஜரில் மாட்டிய போனை மறந்துவிட்டுப் போயிருந்தான். ஈஸ்வரனுக்குப் போட்டார். சுவிட்ச் ஆஃப். பழனி மலைக்குப் போகிறேன் என்று காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. மலை மேல் செல்போன் விட மாட்டார்கள், அடிவாரத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கீரனூர்க்காரர்கள் நம்பர் ஈஸ்வரனிடம் மட்டும்தான் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் டிவிஎஸ் எக்ஸல் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

கீரனூர் பழனிக்கும் அப்பால். எக்ஸல் எவ்வளவு முறுக்கினாலும் தன் வேகத்தில்தான் போகும். உச்சி வெயில். ரோடெல்லாம் கானல். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குழந்தைதான். ஆபரேஷன் செய்த தாயைக் கூட்டிப்போனவர்கள் வீடு சேர்ந்ததும் முதலில் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரித் தீட்டுப் போகப் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். பம்பைப் போட்டால் போதும். டாங்கில் இருக்கிற ஆசிட் அப்படியே சுடுதண்ணிக் குழாயில் வரும். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அந்தத் தோலில், அந்தக் கண்ணில் ஒரு சொம்பு விழுந்தால் போதும்.

அந்தோணியாரே, அந்தோணியாரே என்று வாய் முனகிக்கொண்டே வந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் அசுத்தம், நான் ஒருவன்தான் சுத்தம் என்று திரிந்தாயே, கடைசியில் பிள்ளை குளிக்கிற தண்ணீரில் ஆசிட்டை ஊற்றியவன் நீதானே என்று தன்னையே திட்டினார். பபிள்கம் அடைத்தவன்கூட யாரையும் கொல்லப் பார்க்கவில்லை. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஒட்டன்சத்திரத்திலும் பழனியிலும் நின்று நின்று ஈஸ்வரனுக்குப் போன் போட்டார். கிடைக்கவே இல்லை.

கீரனூரில் தேங்காய் மண்டிக்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருவிலிருந்தே கேரவன் தெரிந்தது. தென்னை மரத்தடியில் நின்றது. வீட்டு ஜன்னலிலிருந்து கரண்ட் ஒயர் இழுத்துச் செருகியிருந்தது. ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி, அதில் குங்குமம். வண்டிக்குள் யாரும் இல்லை, கருப்புசாமியையும் காணவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது.

ஓடினார். பின்கட்டில் ஒரு அம்மாள் பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதன் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஆவி பறக்கும் வாளி. பிள்ளையின் உடம்பெல்லாம் செக்கச்செவேல். அந்த அம்மாள் அடுத்த சொம்பை மொண்டு கையை ஓங்கியபோது, ஸ்தனிஸ்லாஸ் போய் அந்தச் சொம்பைத் தட்டிவிட்டு, வாளியையும் எட்டி உதைத்தார். தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. அந்த அம்மாள் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு கூச்சல் போட்டாள். உள்ளேயிருந்து பவித்ரா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வண்டித் தண்ணியா அம்மா? வண்டியில புடிச்ச தண்ணியா?" என்று கேட்டார். அதற்கு மேல் மூச்சு வாங்கியது.

இல்லை. முற்றத்து மூலையில் விறகு அடுப்பும் அதன் மேல் செம்புத் தவலையும் இருந்தன. அதைப் பார்த்ததும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, ஹீட்டரில் ஆசிட் ஊற்றி ஊற வைத்திருந்தது, டிரைவர் தெரியாமல் எடுத்து வந்துவிட்டான், கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று துண்டு துண்டாகச் சொன்னார்.

பவித்ராவின் தாய் சுந்தரம்மாள்தான் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள். விஷயம் புரிந்ததும் அவள் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி அவர் முன்னால் கொண்டுவந்து காட்டினாள். எண்ணெயும் சூடும் சேர்ந்து சிவந்த முகம், ஒரு தழும்பு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அந்தப் பிள்ளை கொட்டாவி விட்டது. ஸ்தனிஸ்லாஸ் வாழ்க்கையில் அருவருப்பு இல்லாமல் பார்த்தது அதை ஒன்றைத்தான் என்று சொல்லலாம். இவ்வளவு தூரம் வெயிலில் ஓடி வந்திருக்கிறாரே என்று சுந்தரம்மாள் நெகிழ்ந்துபோனாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் பளிச்சென்ற கைக்குட்டையையும் பார்த்து, "மொதலாளிங்களா?" என்று கேட்டாள். அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேரவன் படியில் நிழலில் உட்காரச் சொல்லி, எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

வெளியே யார் வீட்டிலும் வாய் நனைக்காத மனுஷன் அந்தக் காபியை ஒரே மூச்சில் குடித்தார். அவ்வளவு ருசியான காபியை அவர் குடித்ததில்லை.

"நல்ல காலமுங்க," என்றாள் சுந்தரம்மாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தத் தண்ணிய நாங்க தொடவே இல்லீங்க. வண்டி ஏறறப்பவே டிரைவர் தம்பிகிட்ட விசாரிச்சுட்டனுங்க. கழுவறது, தண்ணி புடிச்சு ஊத்தறதெல்லாம் ஒரே ஆளாமா. காலனிக்கார ஆளாமா. வேதத்துக்குப் போயிட்டா மட்டும் அது போயிருமுங்களா? பச்ச மண்ணு மேல அதை எப்படிங்க ஊத்தறது? அதான் அந்தப் பாத்ரூம் கதவையே தெறக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். பாருங்க, சாமிதான் சொல்லியிருக்குது."

ஸ்தனிஸ்லாஸ் காலி டம்ளரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அது எதனால் பிழைத்தது என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டில் ஒன்றுக்குச் சந்தோஷப்பட்டால் இன்னொன்றுக்கும் சேர்த்துத்தான் சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது.

"அந்த ஆளு நான்தாம்மா," என்றார்.

சுந்தரம்மாள் கண் டம்ளரில் நின்றது. அவர் அதைப் படியில் வைத்துவிட்டு எழுந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வண்டிக்குள் போனார். வேலை இருந்தது. அடித் திருகைக் கழற்றி ஆசிட்டை வாளியில் பிடித்து, பையிலிருந்த ஆப்ப சோடாவைக் கொட்டிப் பொங்கி அடங்கவிட்டு, பாத்ரூமுக்குத் தோண்டியிருந்த குழியில் ஊற்றினார். டாங்கில் நல்ல தண்ணீர் விட்டு அலசினார். மறுபடி அலசினார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, புளிப்பு இல்லை என்று தெரிகிற வரைக்கும் அலசினார். புது ராடைப் பூட்டினார். பம்பைப் போட்டு, காற்றை வெளியேற்றி, சுவிட்சைப் போட்டுச் சுடுகிறதா என்று பார்த்தார். கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. அந்த ஹீட்டர் அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதில் யாரும் கை நனைக்கப் போவதில்லை என்று தெரிந்தும் குறை வைக்காமல் செய்தார்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது, இரண்டு ஈ மொய்த்துக்கொண்டு. சுந்தரம்மாள் பின்கட்டு வாசலில், முன்பைவிட எட்ட நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வெறுப்புகூட இல்லை. நன்றியோடுதான் நின்றாள்.

"ஏனுங்க," என்றாள். "அந்த டம்ளர் நல்ல கனமான எவர்சில்வருங்க. எம் பேரனுக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்கறீங்க. அதை நீங்களே வச்சுக்கோங்க."

பவித்ரா ஜன்னலிலிருந்து அம்மா என்று கூப்பிட்டு நிறுத்தினாள்.

எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி திட்டியவர் ஸ்தனிஸ்லாஸ். ஒரு ஈரல் துண்டுக்காக ஒரு குடும்பத்தின் ஏழு தலைமுறையை இழுத்தவர். குனிந்து டம்ளரை எடுத்தார். பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா," என்றார்.

எக்ஸலை உதைத்துத் தெருமுனை தாண்டும் வரைக்கும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழனி வந்த பிறகுதான், தான் அந்தச் 'சரிம்மா'வை எவ்வளவு மரியாதையாகச் சொன்னோம் என்பது நினைவுக்கு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ரோட்டோரம் உட்கார்ந்து, குடித்த காபியெல்லாம் வெளியே வரும் வரைக்கும் வாந்தி எடுத்தார்.